கொழுந்துக் கூடையோடு ஏறிய மலையில் கேமராவோடு ஏறலாமா?

(‘விடுமுறை நாளில் மலை நடை: பயனா, வீணா?’ என்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டியது. நானும்தான் தட்டினேன். “எங்கள் பாட்டி கேமரன் மலையில் ஏறினாள். முதுகில் கூடையோடு, வயிற்றுப் பிழைப்புக்காக ஏறினாள். அந்த மலையில் இன்றைக்கு நாம் காசு செலவழித்து, காலணி வாங்கி, உடற்பயிற்சிக்காக ஏற வேண்டுமா? பாட்டி நடந்தது போதாதா?” என்று கேட்டார்.

தயாரித்து வந்த பேச்சில் நான்கு பக்கம் உடல்நலம் பற்றி இருக்கிறது. சர்க்கரை குறையும், கொழுப்பு குறையும் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். அதை உங்கள் மருத்துவரே சொல்வார். சகோதரியின் கேள்விக்குத்தான் இப்போது பதில் வேண்டும். அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஒரு முழுநாள் அந்தக் கேள்வியோடு நான் நடந்திருக்கிறேன்.

எல்லாம் தொடங்கியது இத்தாலியில். நான் போகவில்லை. என்னுடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரிய நண்பர் போய்விட்டு வந்தார். வடமேற்கு இத்தாலியில், கடலோரமாக ‘சிங்குவே தெர்ரே’ என்று ஓர் இடம். ஐந்து ஊர்கள் என்று பொருள். மோன்தெரொஸ்ஸோ, வெர்னாத்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து சின்னக் கிராமங்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கடலைப் பார்த்தபடி ஒற்றையடிப் பாதை. காலையில் கூட்டமாகப் புறப்பட்டு மாலைக்குள் நடந்து முடிக்கிறார்கள். கால் வலித்தால் அடுத்த ஊரில் ரயில் ஏறிக்கொள்ளலாம். நண்பர் கைத்தொலைபேசியில் முந்நூறு படம் காட்டினார். எனக்குத் தேநீர் ஆறிப் போய்விட்டது.

கேட்டேன்: “கேமரன் மலையில் எத்தனை தடவை நடந்திருக்கீங்க, சார்?”

அவர் யோசித்தார். “நடந்ததில்லையே... பத்துப் பதினைந்து தடவை போயிருக்கேன். காரில் போவோம், ஸ்ட்ராபெரி வாங்குவோம், தேயிலைக் கடையில் உட்கார்ந்து கேக் சாப்பிடுவோம், படம் எடுப்போம், பூச்செடி வாங்குவோம், வந்துடுவோம்.”

நானும் அப்படித்தான். ஈப்போவில் குடியிருப்பவன். சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் இரண்டு மணி நேரத்தில் மலை மேல் நிற்கலாம். அப்படியிருந்தும், வண்டியை விட்டு இறங்கி நூறடிக்கு மேல் நடந்தது கிடையாது. அன்றைக்குத்தான் நடைக்குழு ஆரம்பித்தோம்.

அந்த இத்தாலிய மலையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சகோதரியின் கேள்வி அங்கேயும் உண்டு. அந்தச் சரிவில் தெரியும் படிப்படியான நிலமெல்லாம் இயற்கை அல்ல. சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். திராட்சை பயிரிடுவதற்காக உள்ளூர்க் குடியானவர்கள் பல நூறு ஆண்டுகளாகத் தலையிலும் தோளிலும் சுமந்து கட்டியவை. 1997-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தபோது, கடல் அழகுக்காக மட்டும் அறிவிக்கவில்லை. மனிதன் உழைத்து உண்டாக்கிய நிலக்காட்சி என்பதற்காகவும் அறிவித்தது. பிறகு இளையவர்கள் பட்டணம் போனார்கள். சுவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. 2011 அக்டோபரில் பெருமழை, வெள்ளமும் மண்ணும் சேர்ந்து வெர்னாத்ஸாவையும் மோன்தெரொஸ்ஸோவையும் மூடின. 2012-ல் ‘காதல் பாதை’ என்று பேர்போன நடைபாதையில் பாறை சரிந்து விழுந்து சுற்றுப்பயணிகள் காயப்பட்டார்கள். அந்தப் பாதை மூடியது மூடியதுதான், திறக்க 2024 ஆகிவிட்டது. இன்றைக்கு அங்கே நடக்கிற வெளிநாட்டுக்காரர் கட்டணம் கட்டித்தான் நடக்கிறார். உழைத்தவனின் பேரன் அந்தப் பாதையில் கட்டணச் சீட்டைச் சரிபார்க்கிறான், அல்லது விடுதி நடத்துகிறான். பாட்டன் கல் சுமந்த பாதையில் அடுத்தவன் உல்லாசமாக நடக்கிறான் என்று அவனுக்கு வருத்தம் இருக்கிறதோ என்னவோ. ஆனால் பாட்டன் சுமந்தான் என்ற செய்தி அங்கே அறிவிப்புப் பலகையிலேயே இருக்கிறது என்கிறார் நண்பர். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

இப்போது நம் மலைக்கு வருவோம்.

1885-ல் வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் பகாங், பேராக் எல்லையில் அளந்துகொண்டு போனபோது இந்த மேட்டுநிலத்தைக் கண்டதாகக் குறிப்பு எழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே செமாய் மக்களுக்கு அந்தக் காடு வீடு. அது வேறு கதை. நாற்பது ஆண்டு அந்த மேடு அப்படியே கிடந்தது. 1925-ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் வெள்ளைக்காரருக்கு வெயில் தணிக்க ஒரு குளிர்மலை என்ற திட்டம் உருவானது. தாப்பாவிலிருந்து சாலை வெட்டினார்கள். 1929-ல் ஜே. ஏ. ரசல் என்பவர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணை இலங்கையில் தேயிலை போட்டுப் பழகிய மில்ன் என்ற தோட்டக்காரர். 1933-ல் பாரத் தோட்டம் வந்தது. அதைத் தொடங்கியவர்கள் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தார்.

சரி, காட்டை அழித்தது யார்? ஒரு சாலை உருளை, சில கோவேறு கழுதைகள், நிறைய தொழிலாளர்கள். இதை நான் சொல்லவில்லை. அந்த நிறுவனமே தன் வரலாறாகச் சொல்வது. உருளைக்குப் பெயர் தேவையில்லை, கழுதைக்கும் தேவையில்லை. அந்த ‘நிறைய தொழிலாளர்கள்’ என்ற இரண்டு சொல்லுக்குள் நம் தாத்தாவும் பாட்டியும் இருக்கிறார்கள். 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆட்கள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்கு முன் கங்காணியின் பேச்சை நம்பி வந்தவர்கள், ரப்பர் விலை விழுந்தபோது பால்மரக் காட்டிலிருந்து மேலே ஏறியவர்கள் எல்லாம் அங்கே சேர்ந்தார்கள். வெயிலுக்குப் பழகிய உடம்பு. விடியலில் வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். பெரட்டுக்கு நிற்கும்போது கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இனி எங்கள் நடை.

நாங்கள் இருபத்து மூன்று பேர். அதில் பதினோரு பேர் கல்லூரி, பள்ளிப் பிள்ளைகள். மூத்தவர் அறுபத்திரண்டு வயது அக்கா ஒருவர். அவர் பெயரை இங்கே சொல்லவில்லை, சொன்னால் என்னைக் கோபித்துக்கொள்வார். தானா ராட்டாவில் இறங்கி இட்லி, தோசை, சம்பால் வைத்துப் பசியாறினோம். உயரம் ஏறத்தாழ 1,440 மீட்டர். எட்டரை மணிக்கு ராபின்சன் நீர்வீழ்ச்சி பக்கம் நடந்தோம். கேமரன் மலையின் காட்டுப் பாதைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். நாங்கள் போனது ஒன்பதாம் எண் பாதை. கொஞ்ச தூரத்தில் அது இரண்டாகப் பிரியும். ஒன்பது நேரே செங்குத்தாக மின்நிலையத்தின் பக்கம் இறங்கும். இன்னொரு கிளை, 9ஏ, சுற்றிச் சாவகாசமாகப் போய் போ தோட்டத்துச் சாலையில் விடும்.

இந்தப் பிரிவில்தான் நான் ஒரு பாடம் படித்தேன். இரண்டாம் தடவை போனபோது நடந்தது இது. என் தவறு, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். குழுவுக்கு முன்னால் நானே நடந்தேன். தலைவன் முன்னால்தான் நடக்க வேண்டும் என்று நினைப்பு. பின்னால் ஒரு பதினான்கு வயதுப் பையனும் அவன் மாமாவும் செருப்பு வாரைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பிரிவுக்கு வந்தபோது நாங்கள் போன சுவடு தெரியவில்லை. நேர் பாதையில் இறங்கிவிட்டார்கள். சாலைக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு தலை குறைந்தது. தொலைபேசி அங்கே வேலை செய்யவில்லை. மூடுபனி வேறு இறங்க ஆரம்பித்தது. இரண்டு மணி நேரம், ஐயா. அந்த இரண்டு மணி நேரத்தில் பையனின் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடைசியில் மாமா மடத்தனமாக மேலே ஏறி வழி தேடாமல், இறங்கியதை இறங்கியபடியே முடித்து, மின்நிலையப் பக்கமாகச் சாலைக்கு வந்து சேர்ந்தார். பையன் கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். அவ்வளவோடு போயிற்று.

கேமரன் மலையில் இது விளையாட்டல்ல. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகமெல்லாம் விற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராட்டா அருகே நண்பர் வீட்டிலிருந்து பிற்பகலில் காலாற நடக்கப் போனார். திரும்பி வரவில்லை. போலீஸ் தேடியது, இராணுவம் தேடியது, ஒராங் அஸ்லி மக்கள் தேடினார்கள், மந்திரவாதிகளும் தேடினார்கள். ஒரு தடயம் இல்லை. அவர் போருக்குப் பழகிய மனிதர், உளவுத்துறையில் இருந்தவர். அவருக்கே அந்தக் கதி.

அதிலிருந்து எங்கள் குழுவில் நான் கடைசியாக நடக்கிறேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. பாதை பிரியும் இடமெல்லாம் எல்லாரும் நின்று எண்ணிக்கை. ஒவ்வொருவர் கழுத்திலும் ஊதல், விலை இரண்டு வெள்ளி. காட்டுக்குள் இருக்கும் பாதையைப் பிற்பகல் இரண்டு மணிக்கு முன்பே முடித்துவிடுவது, ஏனென்றால் மழை பெரும்பாலும் அதற்குப் பிறகு. ஒருவர் களைத்தால் அவர் வேகம்தான் குழுவின் வேகம். அட்டைக்கு நீளக் காலுறையும் கொஞ்சம் உப்பும். பிள்ளைகள் அட்டையைப் பார்த்து அலறுகிறார்கள். அக்கா சிரித்தார். “அம்மா புகையிலைத் தண்ணியக் கால்ல தடவிக்கிட்டுப் போவாங்க. அப்பவும் சாயங்காலம் வந்து கால் இடுக்குல பார்த்தா நாலு இருக்கும்.”

அப்போதுதான் எங்களுக்கே தெரியும், அக்கா அந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்று. அதுவரை அவர் சொல்லவில்லை.

காட்டை விட்டு வெளியே வந்தால் சாலை. வளைந்து வளைந்து போகும் ஒற்றைத் தார்ச்சாலை. ஒரு வளைவில் திடீரென்று மரம் முடிந்து தேயிலை தொடங்கும். முதல் தடவை பார்க்கிறவன் பேச்சை நிறுத்திவிடுவான். மலை முழுக்கப் பச்சைக் கம்பளம் என்று எழுதுவார்கள். எனக்கு அது மொட்டை அடித்து முடி முளைத்த தலையைப் போலத்தான் தெரிகிறது. சும்மா விட்டால் தேயிலை ஒரு மரம், ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். இடுப்பு உயரத்துக்குக் கவ்வாத்துப் பண்ணிப் பண்ணி வைத்திருக்கிறார்கள். நுனியில் இரண்டு இலையும் ஒரு குருத்தும்தான் வேண்டும். ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். நான்கு ஐந்து கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க விட்டு, உலர்த்தினால்தான் ஒரு கிலோ தேயிலைத்தூள். 1930-களில் நட்ட செடிகளில் இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார்கள். செடி அங்கேதான் நிற்கிறது. முதலில் கிள்ளிய விரல்தான் இல்லை.

பிள்ளைகள் செடிக்குள் இறங்கிப் படம் எடுக்கப் பார்த்தார்கள். தடுத்தேன். தனியார் நிலம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தச் சரிவில் கால் வைக்கும் இடம் வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும். கொழுந்து மலையில் படிக்கட்டு கிடையாது. செடிக்கும் செடிக்கும் நடுவே ஓரடி இடைவெளி, அதில் வடிகால் குழி வேறு. நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஐம்பதடி கீழே இரண்டு இளைஞர்கள் ஓர் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு செடிவரிசைமேல் இழுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் ஒரு பை பலூன் மாதிரி உப்பிக்கொண்டே வந்தது. ஒருகாலத்தில் பெண்கள் விரலால் கிள்ளிய வேலை. இப்போது கத்தரி, இயந்திரம். பார்க்கிறவர்களில் தமிழ் முகம் குறைவு. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் அதிகம்.

எங்கள் கல்லூரி மாணவன் ஒருவன் சொன்னான்: “அங்கிள், பரவாயில்ல, நம்ம ஆளுங்க இந்த வேலைய விட்டு மேல வந்துட்டாங்க.”

உண்மைதான். மகிழ்ச்சிதான். ஆனால் அக்கா அவனைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. “மேல வந்துட்டோம் தம்பி. அவங்க வந்திருக்காங்க. எங்கம்மாவும் இப்படித்தான், ஊர்ல நாலு பேருக்குச் சோறு போடணும்னு வந்தாங்க” என்றார்.

அங்கே நின்று பிள்ளைகளுக்கு நான் ஒரு செய்தி சொன்னேன். 2024 ஜனவரி கடைசியில், இதே கேமரன் மலையின் வடகோடியில், கம்போங் ராஜா பக்கத்து புளூ வேலியில், விடியற்காலை மண் சரிந்து தொழிலாளர் தங்கியிருந்த இடத்தை மூடியது. இறந்தவர்கள் ஐந்து பேர், மியான்மார் நாட்டுக்காரர்கள். மறுநாள் பத்திரிகையில் வந்தது. அதற்கு அடுத்த வாரம் நாம் ஸ்ட்ராபெரி வாங்கப் போனோம். நானும் போனேன். மலைச்சரிவை வெட்டினால் மண் இறங்கும். காய்கறிக்கும் பூவுக்கும் நெகிழிக் கூரை போட்டு மூடினால் மழைநீர் மண்ணுக்குள் போகாமல் கீழே பாயும். 2013 அக்டோபரில் ரிங்லெட் அணையில் தண்ணீர் நிரம்பித் திறந்துவிட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ச்சேதம் ஆனதை மறந்திருக்க மாட்டீர்கள். காரில் போகிறவனுக்கு இதெல்லாம் தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் மலை ஒரு சினிமாப் படம். நடந்தால்தான் எந்த இடத்தில் மண் சிவப்பாகத் திறந்து கிடக்கிறது, எந்த ஓடையில் குப்பை அடைத்திருக்கிறது என்று கண்ணில் படும்.

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். இன்னும் கொஞ்சம்தான், ஐயா.

தொழிலாளர் வீடுகள் இருக்கும் பக்கம் வந்தோம். பழைய லயம் எது, புதிதாகக் கட்டியது எது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் சட்டென்று தெரியவில்லை. நின்றார், முன்னால் போனார், பின்னால் வந்தார். “இங்கதான் ஆயாக் கொட்டாய் இருந்துச்சு” என்றார். பிறகு, “இல்ல, அந்தப் பக்கமா” என்றார். குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டுத் தாய் மலைக்குப் போய், பால் கொடுக்க நடுவில் இறங்கி வந்து, மறுபடி ஏறுவாளாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பாள் என்று எங்கள் மாணவி ஒருத்தி கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. “நீ இன்னிக்கு எத்தன மணி நேரம் நடந்த?” என்று மட்டும் கேட்டார். “நாலு மணி நேரம், ஆன்ட்டி. கால் நடுங்குது.” “கூட இல்லாம” என்றார் அக்கா. கூடை இல்லாமல் என்கிறார்.

சகோதரி, உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அந்த இடத்தில்தான் கிடைத்தது. நான் முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். தோட்டத்து வாழ்க்கை என்று பலகையில் எழுதியிருக்கிறேன். கங்காணி முறை, கூலி முறை, 1910-ல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு, 1938-ல் தடை. பிள்ளைகள் எழுதி வைத்துக்கொள்வார்கள், தேர்வில் எழுதுவார்கள், மறந்துவிடுவார்கள். அந்தப் பெண் பிள்ளை அன்றைக்குச் சாலையோரத்தில் உட்கார்ந்து தன் காலைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டு, மலையை ஏற இறங்கப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டி நடந்தது போதாதா என்று கேட்டீர்கள். பாட்டிக்குப் போதும், அம்மா. நிச்சயமாகப் போதும். நமக்கு அது எவ்வளவு தூரம் என்று தெரியாது.

நீங்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடு உள்ள பகுதியும் உண்டு, மறைக்க மாட்டேன். நாலு பேர் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியில் பாட்டை அலறவிட்டு, குடித்த பாட்டிலை வடிகாலில் எறிந்துவிட்டு, உழைக்கிறவனைக் கேட்காமல் படம் பிடித்து முகநூலில் போட்டு வருவதற்குப் பெயரும் மலை நடை என்றால், உங்கள் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன். எங்கள் குழுவிலேயே ஒருவர் கொழுந்து எடுக்கிறவரைக் கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுத்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. நம் பாட்டியையும் இப்படித்தான் எவனோ ஒரு துரை நிறுத்தி வைத்துப் படம் எடுத்திருப்பான். பழைய புத்தகங்களில் அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கீழே ‘தமிழ்ப் பெண் தொழிலாளி’ என்று இருக்கும். பெயர் இருக்காது.

இலங்கையில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. மலையகத்தில் கண்டியிலிருந்து நுவரெலியா வரைக்கும், தேயிலை ஏற்றிச் செல்லப் போட்ட பழைய தோட்டப் பாதைகளை இணைத்து ‘பெக்கோ டிரெயில்’ என்று ஒரு நடைபாதை. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதியாகப் பிரித்து, 2023-ல் முழுமையாகத் திறந்தார்கள். உலகத்தின் பல மூலையிலிருந்தும் வந்து நடக்கிறார்கள். வழியிலே லயத்துக் குடும்பங்களும் தேநீர்க்கடை போட்டு, அறை வாடகைக்கு விட்டு நாலு காசு பார்க்க வழி பிறக்கட்டும். நடக்க வருகிறவன் லயத்தைக் கடந்துதான் போயாக வேண்டும் என்பதே ஒரு லாபம்தான். நம் கேமரன் மலையில் எண் போட்ட பாதைகள் இருக்கின்றன, காடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, தோட்டத்தின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு நாள் நடையில் கோத்து, யார் வெட்டிய பாதை இது என்று நான்கு மொழியில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? இதைச் சம்பந்தப்பட்டவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

அன்றைக்கு அக்கா கடைசிவரை அந்தக் கொட்டாய் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வீட்டு வாசலில் வங்காளதேச இளைஞர் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் மலாயில் ஏதோ கேட்டார். அவருக்கும் தெரியவில்லை, அவர் வந்து மூன்று வருடம்தானாம். உள்ளே போய் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா குடித்துவிட்டு, தன் பையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தை அவர் கையில் வைத்து, “உங்க அம்மா இருக்காங்களா?” என்று கேட்டார். இருக்கிறார் என்றார். “வாரம் ஒரு தடவ போன் பண்ணு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மூன்றரைக்கு மழை. நாலேகாலுக்குப் பேருந்தில் ஏறினோம். எண்ணினேன், இருபத்து மூன்று. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அக்கா பக்கத்தில் இடம் இருந்தது, போய் உட்கார்ந்தேன். “கொட்டாய் கிடைக்கலியேன்னு வருத்தமா அக்கா?” என்று கேட்டேன். “அடுத்த தடவ அந்தக் கீழ்ப்பக்கம் பார்க்கணும், சார். ஒரு பலாமரம் இருந்துச்சு. மரத்தப் பிடிச்சா இடத்தப் பிடிச்சிடலாம்” என்றார்.

ஆகவே பலாமரத்தைத் தேடி அடுத்த பள்ளி விடுமுறையில் மறுபடி போகிறோம். சகோதரி, உங்களுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறேன். உங்கள் பாட்டி எந்தத் தோட்டம் என்று மட்டும் விசாரித்துக்கொண்டு வாருங்கள். ஈப்போவிலிருந்து காலை ஐந்தரைக்குப் பேருந்து. மழைச்சட்டை, நீளக் காலுறை, உப்பு. ஊதல் நான் தருகிறேன். தாமதமாக வந்தால் வண்டி நிற்காது.